அல்-கிந்தி: நறுமணத்திற்கும் அளவு வகுத்த அறிஞர்

பெருநாள் நெருங்கிவிட்டால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல் பகுதிகளில் நம் வீடுகளில் பிரியாணிக்கு முன்பே வேறொரு வாசனை எழத் தொடங்கிவிடுகிறது. சந்தன சோப்பு, ரோஜா க்ரீம், ரோல்-ஆன் அத்தர், பக்கூர் என்று வீட்டிலேயே தயாரித்து, வாட்ஸ்அப் குழுக்களில் ஆர்டர் எடுத்து விற்கும் சகோதரிகள் பெருகியிருக்கிறார்கள். ஹலாலான வருமானம், வீட்டிலிருந்தபடியே உழைப்பு. அல்ஹம்துலில்லாஹ், மகிழ்ச்சிதான். அந்தக் குப்பிகளில் பெரும்பாலும் ஆல்கஹால் கலக்காதது, இயற்கையானது என்று எழுதியிருக்கும். அதைப் படித்ததும் பாதுகாப்பானது என்றும் நாம் முடிவு செய்துகொள்கிறோம்.

சென்ற பெருநாளுக்கு நாமும் வீட்டில் அத்தர் கலந்தோம். மெழுகுவர்த்தி செய்வதற்கென்று வாங்கி மீந்திருந்த ஊத் வாசனை எண்ணெயைக் கண்ணளவாக ஊற்றினோம். தொழுகைக்குப் போகும் பிள்ளைகள் எல்லோருக்கும் பூசினோம். இரண்டாம் நாள் தம்பி மகனின் கழுத்து சிவந்து தடித்துவிட்டது. தோல் மருத்துவர் இரண்டு கேள்விகள் கேட்டார். அதில் என்ன இருந்தது? எவ்வளவு இருந்தது? இரண்டுக்கும் நம்மிடம் பதில் இல்லை.

வெட்கத்தோடு வீடு திரும்பிய அந்த நாளில்தான், இந்த இரண்டு கேள்விகளையும் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒரு முஸ்லிம் அறிஞரின் வரலாற்றை நாம் தேடிப் படித்தோம். அவர்தான் அபூ யூசுஃப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்-கிந்தி.

கூஃபாவிலிருந்து பக்தாத் வரை

அல்-கிந்தி கி.பி. 801 அளவில் இராக்கின் கூஃபா நகரில் பிறந்தார். தென் அரேபியாவின் புகழ்பெற்ற கிந்தா கோத்திரம் அவருடையது. தந்தை இஸ்ஹாக் இப்னு அஸ்-ஸப்பாஹ் கூஃபாவின் ஆளுநராக இருந்தவர். இளமையிலேயே பக்தாத் சென்று கல்வி கற்றார். அது கலீஃபா மஃமூனின் காலம். கிரேக்கம், பாரசீகம், இந்தியா என்று எல்லாத் திசைகளிலிருந்தும் வந்த நூல்கள் அரபியில் பெயர்க்கப்பட்டுக் கொண்டிருந்தன. அவற்றைப் பெயர்ப்பிப்பதிலும் திருத்துவதிலும் அல்-கிந்தி ஈடுபட்டார். அடுத்து வந்த கலீஃபா முஃதஸிம் தம் மகன் அஹ்மதுக்கு அவரையே ஆசிரியராக அமர்த்தினார்.

தத்துவம், கணிதம், ஒளியியல், இசை, மருத்துவம் என்று அவர் தொடாத துறை குறைவு. 10-ஆம் நூற்றாண்டில் இப்னு அந்-நதீம் தொகுத்த நூற்பட்டியல் அவருடைய நூல்களாக 200-க்கும் மேற்பட்டவற்றைக் குறிப்பிடுகிறது. இந்திய எண்களைக் கையாள்வது பற்றியும் அவர் எழுதினார். மறைமொழிக் கடிதங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே அதன் இரகசியத்தை உடைக்கலாம் என்று விளக்கியவரும் அவர்தான். எதையும் எண்ணிப் பார்ப்பது, நிறுத்துப் பார்ப்பது அவருடைய வழக்கமாக இருந்தது.

அத்தருக்கு ஒரு நூல்

அந்த வழக்கத்தோடுதான் அவர் நறுமணத் துறைக்கும் வந்தார். கிதாப் கீமியா அல்-இத்ர் வத்-தஸ்ஈதாத் என்பது அவர் பெயரில் வழங்கும் நூல். நறுமண வேதியியலும் வடித்தலும் பற்றியது. இதில் 100-க்கும் மேற்பட்ட தயாரிப்பு முறைகள் உள்ளன. கார்ல் கார்பர்ஸ் என்ற ஆய்வாளர் 1948-இல் இதை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார்.

நம் சித்த மருத்துவர்கள் வாலை என்று அழைக்கும் வடிகலத்தைப் போன்ற கருவிகள் இந்நூலில் வருகின்றன. கஸ்தூரி, அம்பர், குங்குமப்பூ, கற்பூரம் ஆகியவை அக்கால நறுமணங்களின் அடிப்படைச் சரக்குகள். விலை உயர்ந்த இச்சரக்குகளுக்கு மாற்றுச் சரக்கு செய்யும் முறைகளையும் அல்-கிந்தி இதில் எழுதி வைத்திருக்கிறார். சந்தையில் போலிகள் எப்படி உருவாகின்றன என்பதை அவர் அறிந்திருந்தார். செயற்கையாகத் தங்கம் செய்வதாகச் சொல்லி ஏமாற்றியவர்களை மறுத்தும் தனியே எழுதினார்.

இன்றைய கஸ்தூரியின் கதையும் இதுதான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கஸ்தூரி மானைப் பாதுகாக்கிறது. ஆகவே கடையில் மலிவாகக் கிடைக்கும் மஸ்க் செயற்கையானதே. செயற்கை என்பதாலேயே அது கெட்டதாகிவிடாது. ஆனால் மஸ்க் அம்ப்ரெட் என்ற பழைய செயற்கைச் சரக்கு, வெயில் பட்டால் தோலில் ஒவ்வாமையையும், விலங்குச் சோதனைகளில் நரம்புப் பாதிப்பையும் ஏற்படுத்தியது. அதனால் ஐரோப்பாவில் அழகுப் பொருட்களில் தடை செய்யப்பட்டது. குப்பியில் மஸ்க் என்று மட்டும் எழுதியிருந்தால் உள்ளே இருப்பது எது என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்?

எவ்வளவு என்ற கேள்வி

அல்-கிந்தியின் இன்னொரு நூல் கூட்டு மருந்துகளின் வீரியத்தைப் பற்றியது. லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய மருத்துவர்களால் பல நூற்றாண்டுகள் படிக்கப்பட்டது. அக்கால மருத்துவம் சரக்குகளைச் சூடு, குளிர்ச்சி என்று பிரித்தது. அல்-கிந்தி அதோடு நிற்கவில்லை, கணக்குப் போட்டார். ஒரு கலவையில் சூடும் குளிர்ச்சியும் சமமானால் அது நடுநிலை. சூடு 2 மடங்கானால் முதல் படி, 4 மடங்கானால் இரண்டாம் படி, 8 மடங்கானால் மூன்றாம் படி, 16 மடங்கானால் நான்காம் படி. இப்னு ருஷ்து பிற்காலத்தில் இந்தக் கணக்கை மறுத்தார். இன்றைய மருத்துவமும் அதை ஏற்பதில்லை. ஆனால் சரக்கு நல்லதா என்று கேட்டால் மட்டும் போதாது, எவ்வளவு என்றும் கேட்க வேண்டும் என்ற அவருடைய வழி நிலைத்துவிட்டது.

இன்று உலக நறுமணத் தொழில் அந்தக் கேள்வியின் மீதுதான் நடக்கிறது. 1973-இல் தொடங்கப்பட்ட இஃப்ரா என்ற சர்வதேச நறுமண அமைப்பு, எந்தச் சரக்கை எந்த வகைப் பொருளில் அதிகபட்சம் எத்தனை சதவீதம் சேர்க்கலாம் என்று வகுத்திருக்கிறது. ஒவ்வாமை தரக்கூடிய 26 நறுமணப் பொருட்களின் பெயரை லேபிளில் எழுத வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் விதித்தது. 2023-இல் அந்தப் பட்டியல் 80-ஐத் தாண்டியது. அவற்றில் பல இயற்கை எண்ணெய்களிலேயே இருப்பவை. கிராம்பில் யூஜினால், பட்டையில் சின்னமால், லாவெண்டரில் லினலூல், ஆரஞ்சுத் தோலில் லிமோனீன் என்று இயற்கையே தருபவை.

நம் மக்கள் கவனிக்க வேண்டிய ஒன்று கோஷ்டம். ஹதீஸ்களில் மருந்தாகக் குறிப்பிடப்படும் குஸ்த் இதுவே. இதன் வேரிலிருந்து எடுக்கும் எண்ணெய் தோலில் கடும் ஒவ்வாமையை உண்டாக்குவதால், அதை நறுமணச் சரக்காகச் சேர்க்க இஃப்ரா தடை விதித்திருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் மருந்தாகச் சொன்னதற்கும், அதன் எண்ணெயை நாம் அத்தரில் கலந்து நாள்தோறும் பூசுவதற்கும் வேறுபாடு உண்டு. மருந்தாகப் பயன்படுத்துவதை மருத்துவரிடம் கேட்டுச் செய்வோம்.

பறிபோன நூலகம்

அல்-கிந்தியின் கடைசிக் காலம் எளிதாக இருக்கவில்லை. கலீஃபா முத்தவக்கிலின் ஆட்சியில் பனூ மூஸா சகோதரர்கள் அவர் மீது பொறாமை கொண்டு கோள் மூட்டினார்கள். அவர் அடிக்கப்பட்டார். அவருடைய நூலகமும் பறிக்கப்பட்டது.

அதே சகோதரர்களிடம் கலீஃபா ஒரு கால்வாய் வெட்டும் பணியைக் கொடுத்திருந்தார். அவர்கள் அமர்த்திய பொறியாளர் கால்வாயின் தலைப்பகுதியை மற்றப் பகுதியைவிட ஆழமாக வெட்டிவிட்டார். ஆற்றில் வெள்ளம் இருந்தால் ஒழிய அதில் தண்ணீர் ஓடாது. உண்மை தெரிந்தால் தலை தப்பாது. உதவி கேட்டு ஸனத் இப்னு அலீ என்ற பொறியாளரிடம் ஓடினார்கள். அல்-கிந்தியின் நூல்களைத் திருப்பித் தரும்வரை ஒரு சொல்லும் பேச மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். இவ்வாறு நூலகம் திரும்பி வந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கி.பி. 873 அளவில் பக்தாதில் அல்-கிந்தி காலமானார்.

அவ்வளவு பெரிய அரச பணியே அளவு பிசகியதால் கெட்டது என்றால், நம் சமையலறை மேசையில் கண்ணளவு எப்படிச் சரியாகும்?

நாம் செய்ய வேண்டியவை

முதலில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்குவோம். 100 கிராம் க்ரீமில் 1 சதவீதம் என்றால் 1 கிராம்தான். சொட்டுக் கணக்கு குப்பிக்குக் குப்பி மாறும். மெழுகுவர்த்திக்கும் ஊதுபத்திக்கும் விற்கும் எண்ணெயைத் தோலுக்குக் கொண்டுவர வேண்டாம். எண்ணெய் விற்பவரிடம் இஃப்ரா சான்று கேட்போம். தோலில் தங்கும் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். சான்று தராதவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயைப் பூசி வெயிலில் போனால் தோல் புண்ணாகலாம். ஆரஞ்சு, லாவெண்டர் எண்ணெய்கள் காற்றுப் பட்டுப் பழசானால் ஒவ்வாமை கூடும். இறுக மூடி, வெளிச்சம் படாமல் வைப்போம். கற்பூரத்தைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்போம். விழுங்கினால் வலிப்பு வரும். புதிய பொருளை முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசிச் சில நாட்கள் பார்ப்போம். ஒவ்வாமை இரண்டு மூன்று நாள் கழித்தும் வெளிப்படும்.

விற்பதானால், 2020-ஆம் ஆண்டின் அழகுப் பொருட்கள் விதிகளின்படி மாநில உரிம அலுவலகத்தில் உற்பத்தி உரிமம் பெற வேண்டும். வீட்டில் செய்தது என்பதால் விலக்கு இல்லை. சேர்த்த சரக்குகளின் பெயரும் தயாரித்த தேதியும் லேபிளில் இருக்கட்டும்.

அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோரை எச்சரிக்கும் முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை நாம் சந்தைத் தராசோடு மட்டும் பொருத்திப் பார்க்கிறோம். பிறர் தோலில் பூசக் கொடுக்கும் குப்பியில் என்ன, எவ்வளவு என்று நமக்கே தெரியாமல் இருப்பதும் அமானிதத்தில் குறைதான். அடுத்த பெருநாளுக்கு நாம் மீண்டும் அத்தர் கலப்போம், இன்ஷா அல்லாஹ். இந்த முறை தராசும் ஒரு குறிப்பேடும் மேசையில் இருக்கும். மருத்துவர் கேட்டாலும், வாங்கியவர் கேட்டாலும் அந்தக் குறிப்பேட்டில் பதில் இருக்கும்.