வடலூர் வள்ளலார்

சிதம்பரத்திற்கு அருகேயுள்ள மருதூரில் 1823 ஒக்டோபர் 5 ஆம் திகதி இராமையாபிள்ளை, சின்னம்மையார் தம்பதியினருக்குப் புதல்வராக அவதரித்தவர் இராமலிங்க சுவாமிகள். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்து, சென்னையில் தமையனார் ஆதரவில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பை நாடாது கந்தகோட்டத்து முருகன் சந்நிதியையே நாடிய அவர், அங்கு தெய்வமணிமாலையைப் பாடினார்.

1865 இல் சாதி, சமய பேதமற்ற சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். 1867 மே 23 இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடக்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. 1872 தைப்பூசத்தன்று சத்திய ஞானசபையில் சோதி வழிபாடு ஆரம்பமாயிற்று. 1874 ஜனவரி 30 இல் மேட்டுக்குப்பத்தில் அறையினுட் புகுந்து திருக்காப்பிட்டுக்கொண்டார். சோதியிற் கலந்தார் என்பது அடியார் நம்பிக்கை.

அவருடைய பாடல்கள் 1867 இல் திருவருட்பா என்னும் பெயரில் வெளிவந்தன. திருமுறைகளுக்கே உரிய அப்பெயரை இவற்றுக்குச் சூட்டலாகாதென நமது நல்லூர் ஆறுமுக நாவலர் கண்டித்தார். பிணக்கு 1869 இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது.

நாவலரைப் போற்றும் நாம் வள்ளலாரை வணங்கலாமா என்று கேட்போர் நம்மிடையே இன்றும் உளர். யாழ்ப்பாணத்தில் 1877 இல் பஞ்சம் வாட்டியபோது கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசி தீர்த்தவர் அதே நாவலர். வாதத்தில் எதிரெதிரே நின்ற இருவரும் பசித்தவர் முன் ஒரே பக்கத்தில் நின்றனர். நமது ஆலய அன்னதானப் பந்தியில் அமர்பவர் யாரென்று வினவாது இலை போடுவோமாக.