முப்புரி கண்ட மேதை

உயிருள்ள உடம்பு எதுவாயினும் அது புரதங்களால் இயங்குவது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு மணிகளைக் கோத்த மாலை போன்றது. அம்மாலை எவ்வாறு சுருண்டு மடிந்து உருவம் பெறுகின்றது? மணி ஒன்று மாறினால் உருவமும் செயலும் கெடுவது ஏன்? இவ்வினாக்களை ஆராய்வார்க்கு அழியாத ஒரு கருவியை அளித்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரனார் ஆவார்.

அவர் 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயர் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். ஆதலின் கணக்கில் ஆர்வம் மைந்தர்க்கு இளமையிலேயே வாய்த்தது. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று தேறிய பின்னர், 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் கற்கச் சேர்ந்தார். அங்கிருந்த சர் சி. வி. இராமன், அம்மாணவரின் கூர்த்த மதியைக் கண்டு தம் இயற்பியல் துறைக்கு ஈர்த்துக்கொண்டார். பின்னர் இராமச்சந்திரனார் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து பட்டம் பெற்று, 1949இல் தாயகம் திரும்பினார்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமை அவரை நாடி வந்தது. அப்போது அவர்க்கு அகவை முப்பதும் நிறையவில்லை. அந்நாளில் சென்னைக்கு வந்த பெர்னால் என்னும் அறிஞர், கொலாசன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவுறவில்லை என்பதை எடுத்துரைத்தார். தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தருவது அப்புரதமே. இராமச்சந்திரனார் அதனையே தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டார். அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அதனை எக்சு கதிர்களால் படம் பிடித்து, கோபிநாத் கர்த்தாவுடன் கூடி ஆராய்ந்தார். கயிறு திரிப்போர் மூன்று புரிகளை ஒன்றாக முறுக்குவது போல, மூன்று புரத இழைகள் தம்முள் பிணைந்து நிற்கும் முப்புரியே கொலாசன் என்பதை இருவரும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் உலகிற்கு அறிவித்தனர்.

புகழோடு எதிர்ப்பும் வந்தது. கேம்பிரிட்ஜ் அறிஞர்களாகிய கிரிக், ரிச் ஆகியோர் அவ்வமைப்பில் குறை கண்டனர். அணுக்கள் சில ஒன்றையொன்று அளவிற்கு மீறி நெருங்கியுள்ளன என்பது அவர்கள் கூற்று. பெரிய அறிஞரின் மறுப்பைக் கேட்டு மனந்தளர்வாரும் உண்டு. சினந்து பூசலிடுவாரும் உண்டு. இராமச்சந்திரனார் இரண்டும் செய்திலர். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று உறுதியாக அறிந்தவர் யார் என்னும் கேள்வியை அவர் தம்மிடமே கேட்டுக்கொண்டார். அதுவரை உருவம் அறியப்பட்ட படிகங்களை எல்லாம் ஆராய்ந்து, அணுக்களுக்கு இடையே இருக்கவேண்டிய குறைந்த தொலைவுகளைத் தொகுத்தார்.

தொகுத்த அளவே அவர்க்குப் புதுவழி காட்டியது. புரத இழையில் ஒவ்வோர் அமினோ அமிலமும் இரு கோணங்களில் திரும்ப வல்லது. எக்கோணங்களில் திரும்பினால் அணுக்கள் மோதும், எக்கோணங்களில் மோதா என்பதை இராமகிருஷ்ணன், சசிசேகரன் என்னும் தம் மாணவரோடு கணக்கிட்டு, ஒரு சதுரப் படமாக வரைந்து 1963இல் வெளியிட்டார். பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு அப்படத்தில் இடங்கொடுக்கும் பகுதி சிறிதே. எஞ்சிய பரப்பெல்லாம் புகவொண்ணாதது. கிளைசின் ஒன்று மட்டும் பக்கக் கிளையாக ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுவையே உடையதாதலின், பிறவற்றினும் மிகப் பரந்த இடத்தில் உலவ வல்லது. உலகோர் இதனை இராமச்சந்திரன் படம் என வழங்குகின்றனர். குறை கூறியவர் வாயிலாகவே குறையாத செல்வம் கிடைத்தது எனலாம்.

இவ்வுண்மையின் பயன் பெரிது. கொலாசன் முப்புரியின் நடுவே இடம் மிகக் குறுகியது. ஆதலின் இழையில் மூன்றாவது இடந்தோறும் கிளைசினே நிற்கின்றது. மரபணுவில் ஓர் எழுத்துத் திடீரென மாறி, கிளைசின் இருந்த இடத்தில் அதனினும் பெரியதோர் அமினோ அமிலம் வந்து புகுமாயின், முப்புரி செவ்வனே முறுக்கேறாது. அதனால் எலும்பு எளிதில் முறியும் நோயோடு பிறக்கும் குழந்தைகளும் உண்டு.

நுண்ணுயிர்க்கும் இவ்விதி பொருந்தும். ஏரி குளங்களின் சேற்றில், காற்று அருகிய இடத்தில், கதிரொளியை உண்டு வாழும் ஊதாநிறப் பாக்டீரியாக்கள் உள்ளன. அவற்றில் ஒளியை ஏற்றுப் பணிசெய்யும் புரதத்தின் உருவைக் கண்ட டைசன்ஹோஃபர், ஹூபர், மிஷெல் என்னும் ஜெர்மானிய அறிஞர் மூவர்க்கு 1988இல் நோபல் பரிசு கிட்டியது. அப்புரதத்தில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம், பச்சைய நிறமியின் மக்னீசிய அணுவைப் பற்றி நிற்கின்றது. ஆய்வாளர் அதனை மாற்றி லியூசினை அமைத்தபோது, மக்னீசியம் அந்நிறமியை விட்டு நீங்கியது. புரதத்தின் பேருருவம் பெரிதும் மாறவில்லை. எனினும் ஒளியாற் பெறும் பயன் குன்றியது. ஓரிடத்து மாற்றம் ஒருகால் உருவையே குலைக்கும். ஒருகால் உருவைக் காத்துச் செயலை மட்டும் குறைக்கும் என்பது இவ்விரண்டாலும் விளங்கும். இத்தகைய புரதங்களின் உருவை வரைவோர், தாம் வரைந்தது பொருந்துமோ என்று சோதிக்க இன்றும் இராமச்சந்திரன் படத்தையே நாடுகின்றனர்.

1971ஆம் ஆண்டளவில் அவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் துறையை நிறுவினார். உடலின் உள்ளுறுப்பைப் பல கோணங்களில் எடுத்த எக்சு கதிர்ப் படங்களால் உருவாக்கும் கணித முறையையும் அவ்வாண்டிலேயே இலட்சுமிநாராயணன் என்பாருடன் வெளியிட்டார். 1977இல் இலண்டன் அரச கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. முதுமையில் நடுக்குவாத நோயால் வருந்திய அவர், 2001ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

பெரும்பொருளும் இருப்பும் இல்லாத ஒரு துறையில் தொடங்கி, தம் ஆய்விற் கூறப்பட்ட குறையையே புதிய ஆய்விற்கு வித்தாக ஆக்கிக்கொண்டவர் அவர். மறுப்பைக் கண்டு அஞ்சாமலும் வெகுளாமலும், உண்மையை மீண்டும் அளந்து பார்த்தலே அறிவுடையோர் கடன் என்பதற்கு அவர் வாழ்க்கை நல்லதொரு சான்றாகும்.