கால் ஒடிந்தவர் கண்ட பாதை

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள் நம் பெரியோர். காக்கை தள்ளியதா, பழம் தானே விழுந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. நம் வாழ்விலும் இப்படி எத்தனையோ நிகழ்கின்றன. தேர்வுக்கு முந்தின நாள் காய்ச்சல் வருகிறது. விரும்பிய கல்லூரியில் இடம் கிடைக்காமல் வேறொன்றில் கிடைக்கிறது. வகுப்பில் பக்கத்தில் வந்து அமர்ந்தவள் ஆயுட்காலத் தோழியாகிவிடுகிறாள். நல்லது நடந்தால் அதிர்ஷ்டம் என்கிறோம். கெட்டது நடந்தால் தலைவிதி என்று நொந்துகொள்கிறோம். ஆண்டுதோறும் ஜூலை 31-ஆம் நாள் நாம் விழாக் கொண்டாடும் புனித இஞ்ஞாசியாரின் வாழ்க்கையைப் படிக்கும்போது, இத்தகைய நிகழ்ச்சிகளை எப்படி எதிர்கொள்வது என்பது நமக்குச் சிறிது விளங்குகிறது.

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில், பாஸ்க் மக்கள் வாழும் மலைநாட்டில், லொயோலா என்னும் கோட்டை வீட்டில் 1491-ஆம் ஆண்டு இஞ்ஞாசியார் பிறந்தார். உடன்பிறந்தோர் பலருள் அவரே கடைக்குட்டி. இளமையில் அவருக்கு ஆடை அணிகளில் ஆசை. வாள் வீச்சில் ஆசை. அரசவையில் பெயரெடுப்பதில் பேராசை. வீரர்களின் காதலையும் சாகசத்தையும் பேசும் கதைகளை விரும்பிப் படித்தார்.

1521-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள். பிரெஞ்சுப் படை பாம்ப்லோனா கோட்டையை முற்றுகையிட்டது. எதிரியின் பலம் பெரிது, சரணடைவோம் என்று மற்றவர்கள் எண்ணினர். இஞ்ஞாசியார் அவர்களைத் தடுத்துப் போரிடத் தூண்டினார். அப்போது பாய்ந்து வந்த பீரங்கிக் குண்டு ஒன்று அவருடைய வலக்காலை நொறுக்கியது, இடக்காலிலும் காயம். குண்டு ஓரிரு முழம் தள்ளி வந்திருந்தால் அவர் தப்பியிருப்பார். சற்று மேலே வந்திருந்தால் இறந்திருப்பார். இரண்டும் நடக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர் அவரைப் பண்போடு நடத்தி, சொந்த ஊருக்கு அனுப்பிவைத்தனர். ஒடிந்த எலும்பு கோணலாகக் கூடியிருந்ததால் மருத்துவர்கள் மறுபடியும் ஒடித்துப் பொருத்தினர். மயக்க மருந்து இல்லாத காலம் அது. அவர் கைகளை இறுக மூடிக்கொண்டதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லையாம். பின்னர், முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்திக்கொண்டிருப்பதைக் கண்டு, அழகிய காலணி அணிய இயலாதே என்று வருந்தி, அதையும் அறுத்தெடுக்கச் செய்தார். இதைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது, இரக்கமும் வருகிறது. புனிதர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போன்றவர்களே!

மாதக்கணக்காகப் படுக்கை. பொழுது போகவில்லை. தமக்குப் பிடித்த வீரக் கதைகளைக் கேட்டார். அந்தப் பெரிய வீட்டில் அப்படி ஒரு நூல்கூட இல்லை! இருந்தவை கிறிஸ்துநாதரின் வாழ்க்கை வரலாறும், புனிதர்களின் வரலாறுமே. வீட்டைக் கவனித்துவந்த அண்ணி மக்தலேனா அவற்றைக் கொடுத்தார் என்று கூறுவர். வேறு வழியின்றி இஞ்ஞாசியார் அவற்றைப் படிக்கலானார்.

அங்கேதான் அவர் ஒன்றைக் கவனித்தார். ஓர் உயர்குலப் பெண்மணியின் பொருட்டுத் தாம் செய்யப்போகும் வீரச் செயல்களைப் பற்றி மணிக்கணக்காகக் கனவு காண்பார். காணும்போது இனிக்கும், முடிந்தபின் மனம் வறண்டுவிடும். புனித பிரான்சிஸ், புனித தொமினிக் போல வாழ்ந்தால் என்ன என்று எண்ணுவார். அந்த எண்ணம் கலைந்த பின்னும் மகிழ்ச்சி தங்கியிருக்கும். இந்த வேறுபாட்டை அவர் சிந்தித்துப் பார்த்தார். அன்று பாம்ப்லோனாவில் அடிபட்டவர் அவர் ஒருவர் மட்டுமா? கால் ஒடிந்தோர் எல்லாரும் புனிதராகிவிடவில்லை. குண்டு தற்செயலாக வந்தது. நூலும் தற்செயலாகக் கிடைத்தது. தம் உள்ளத்தைக் கூர்ந்து பார்த்தது அவருடைய சொந்த முயற்சி.

ஆயினும் ஒரே நாளில் அவர் அறிவு பெற்றுவிடவில்லை. 1522-இல் மொன்செராத் மலைக்குத் திருயாத்திரை சென்றபோது, வழியில் கூட வந்த மூர் இனத்துப் பயணி ஒருவர் தேவமாதாவின் கன்னிமை பற்றித் தம் ஐயத்தைக் கூறிவிட்டு முன்னே சென்றுவிட்டார். அவரைத் தேடிச் சென்று குத்துவதா, விட்டுவிடுவதா என்று இஞ்ஞாசியாருக்குக் குழப்பம். முடிவைத் தம் கோவேறு கழுதையிடமே விட்டார்! சாலை பிரியும் இடத்தில் கடிவாளத்தைத் தளர்த்தினார். அது அந்தப் பயணி சென்ற ஊர்ப் பக்கம் திரும்பாமல் நெடுஞ்சாலையிலேயே நடந்தது. ஓர் உயிர் தப்பியது. சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவெடுக்கும் நம் வழக்கத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கழுதை மறுபக்கம் திரும்பியிருந்தால் ஒரு கொலையே நடந்திருக்குமே! மொன்செராத்தில் மாதாவின் பீடத்தில் வாளை வைத்துவிட்டு, மன்ரேசா என்னும் ஊரில் பத்து மாதத்துக்கு மேல் ஜெபத்திலும் தவத்திலும் கழித்தார். அங்கே அவர் எழுதத் தொடங்கிய ஆன்மப் பயிற்சிகள் என்னும் நூல், பொறுமையாக ஜெபித்து, நன்மை தீமைகளைச் சீர்தூக்கி முடிவெடுக்கும் முறையைக் கற்பிக்கிறது. கழுதையை நம்பியவர் வெகுதூரம் வந்துவிட்டார்!

அதன் பின்னும் அவருடைய திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைபட்டன. 1523-இல் எருசலேம் சென்று அங்கேயே வாழ விரும்பினார். ஆபத்து மிகுந்த இடம் என்று பிரான்சிஸ்கன் துறவியர் திருப்பி அனுப்பினர். சரி, படிப்போம் என்று 33-ஆம் வயதில் பார்சிலோனாவில் சிறுவர்களோடு அமர்ந்து லத்தீன் கற்றார். அல்காலாவிலும் சலமன்காவிலும் அவருடைய போதனை சந்தேகத்துக்கு உள்ளாகிச் சிறைப்பட்டார். அதனால் ஸ்பெயினை விட்டு 1528-இல் பாரிஸ் சென்றார்.

அங்கே 1529-இல் புனித பார்பரா கல்லூரியில் அவருக்குக் கிடைத்த அறையில் ஏற்கெனவே இரு மாணவர் இருந்தனர். ஒருவர் பீட்டர் பேபர். மற்றவர் பிரான்சிஸ் சவேரியார். சவேரியாரின் அண்ணன்மார் 1521-ஆம் ஆண்டுப் போரில் எதிரணியில் நின்றவர்கள்! தம் காலை ஒடித்த பக்கத்தாரின் தம்பியே தமக்கு அறைத்தோழராக வாய்த்ததை என்னென்பது! முதலில் விலகியே நின்ற சவேரியார் மெல்ல மெல்ல மனம் மாறினார். 1534 ஆகஸ்டு 15-ஆம் நாள், மாதாவின் விண்ணேற்பு விழாவன்று, ஏழு தோழர்கள் மோன்மார்த்ர் குன்றில் வார்த்தைப்பாடு கொடுத்தனர்.

எருசலேம் செல்வதே அவர்களின் ஆசை. ஆனால் 1537-இல், துருக்கியரோடு போர் மூண்டதால், வெனிஸ் துறைமுகத்திலிருந்து யாத்திரைக் கப்பல் புறப்படவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, பாப்பரசரின் விருப்பப்படி எங்கும் செல்லத் தம்மை ஒப்படைத்தனர். பாப்பரசர் மூன்றாம் பவுல் 1540 செப்டம்பர் 27-ஆம் நாள் சேசு சபையை அங்கீகரித்தார். கப்பல் ஒன்று புறப்பட்டிருந்தால், அச்சபை உருவாகியிருக்குமோ என்னவோ!

அதே 1540-இல் நடந்த மற்றொரு நிகழ்ச்சி தமிழராகிய நம்மைத் தொடுகிறது. இந்தியாவுக்குச் செல்லக் குறிக்கப்பட்டிருந்தவர் போபடில்லா என்னும் தோழர். புறப்படும் வேளையில் அவர் நோயுற்றார். அவருக்குப் பதிலாக, மறுநாளே கிளம்பும்படி இஞ்ஞாசியார் தம் அன்புக்குரிய சவேரியாரை அனுப்பினார். 1542 மே மாதம் கோவாவில் இறங்கிய சவேரியார், அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்து, தமிழில் ஜெபங்களை மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். மணப்பாட்டுக் கரையில் இன்றும் அவர் பெயர் வாழ்கிறது. போபடில்லாவோ குணமடைந்து, ஐரோப்பாவிலேயே நெடுங்காலம் உழைத்து 1590-இல் இறைவனடி சேர்ந்தார்.

அந்தப் பிரிவுக்குப் பின் நண்பர்கள் இருவரும் சந்திக்கவேயில்லை. 1553-இல் சவேரியாரைத் திரும்பி வரும்படி இஞ்ஞாசியார் கடிதம் எழுதினார். சவேரியார் முந்திய ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாளே சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்துவிட்ட செய்தி அவருக்கு எட்டியிருக்கவில்லை. எருசலேமில் வாழ ஆசைப்பட்டவர், உரோமையில் மேசையருகே அமர்ந்து ஆயிரக்கணக்கான கடிதங்கள் எழுதி, 1556 ஜூலை 31-ஆம் நாள் மறைந்தார். கடைசிவரை அவர் நொண்டியே நடந்தார். 1622-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் இரு நண்பர்களுக்கும் ஒன்றாகவே புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

அன்புத் தோழியரே! தேர்வு முடிவு வரும் நாளில் நம்மில் சிலர் மகிழ்வோம், சிலர் அழுவோம். துன்பம் எல்லாம் நன்மைக்கே என்று அழுகிறவளிடம் சொல்வது எளிது. இஞ்ஞாசியாருக்கும் வலி வலியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கதவு மூடியபோதெல்லாம் அவர், அடுத்து ஆண்டவர் என்ன விரும்புகிறார் என்று கேட்டார். கேட்டதோடு நில்லாமல் எழுந்து நடந்தார்.

இன்னொன்றும் நமக்குத் தோன்றுகிறது. கேட்ட நூல் இல்லையே என்று நோயாளியை வெறுங்கையோடு விடாமல், இருந்ததைக் கொடுத்த அந்த அண்ணியை எண்ணிப் பார்ப்போம். தாம் செய்தது இவ்வளவு பெரிய செயல் என்று அவர் அன்று அறிந்திருப்பாரா? நம் பக்கத்து இருக்கைத் தோழிக்கு, நம் வீட்டு நோயாளிக்கு, நாமே ஒருநாள் அப்படி ஒரு நல்ல தற்செயலாக அமையலாம். அதற்கு நம் கையில் இருப்பதை நீட்டினால் போதும்.