முயலின் குடலில் காலராவின் முடிச்சை அவிழ்த்த சம்புநாத் டே

வயிற்றுப்போக்கு என்று கிளினிக்கிற்குப் போனால் உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம் ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். அந்தக் காலத்தில் அது இல்லை. வாந்திபேதி கண்டால் காலையில் நன்றாக இருந்தவர் பொழுது சாய்வதற்குள் இறந்துபோவதும் உண்டு. அந்த நோய் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதைக் காட்டியவர் கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் சம்புநாத் டே.

வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி கிராமத்தில் 1915 பிப்ரவரி 1ஆம் தேதி பிறந்தார். வசதியில்லாத குடும்பம். உதவித்தொகையிலும் பிறர் ஆதரவிலும் படித்து மருத்துவரானார். லண்டன் சென்று 1949இல் முனைவர் பட்டம் பெற்றவர், அங்கேயே தங்கிவிடாமல் கல்கத்தாவுக்குத் திரும்பினார். காலரா அங்கேதானே இருந்தது!

காலராக் கிருமியை ஜெர்மானியர் ராபர்ட் கோக் 1884இலேயே அடையாளம் காட்டிவிட்டார். அது ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்றும் அவர் கருதினார். ஆனால் அந்த நஞ்சு யார் கையிலும் சிக்கவில்லை. விலங்குகளின் இரத்தத்திலும் தோலுக்கடியிலும் கிருமியை ஏற்றிப் பார்த்தார்களே தவிர, நோய் வாழும் இடமான குடலுக்குள் தேடுவதைப் பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள்.

டே அதைத்தான் செய்தார். முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இரு முனையிலும் நூலால் கட்டி, உள்ளே கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தப் பகுதி, அரிசி களைந்த கழுநீர் போன்ற நீரால் உப்பிப் போயிருந்தது. 1953இல் இது வெளியானது. பிறகு, கிருமி வளர்ந்த திரவத்திலிருந்து கிருமிகளை முழுவதும் வடிகட்டிவிட்டு, வெறும் திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. குற்றவாளி கிருமி வெளியே விடும் நஞ்சுதான் என்பது உறுதியானது. 1959இல் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது. கோக் சொல்லி 75 ஆண்டுகள் ஆகியிருந்தன. நூலும் ஊசியும் வடிகட்டியும் முயலும்தான் டேயின் கருவிகள்.

குடலின் உட்புறம் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய கொழுப்புச் சவ்வு மூடியிருக்கிறது. உப்பு அதைத் தானாகக் கடக்க முடியாது. அதற்கென்று உள்ள வாயில்கள் வழியாகத்தான் போகவேண்டும். காலரா நஞ்சு உயிரணுவுக்குள் புகுந்து, உப்பை வெளியே விடும் வாயிலை மூடவிடாமல் செய்கிறது. உப்பு குடலுக்குள் கொட்டுகிறது. உப்பு போன பக்கம் தண்ணீரும் போகிறது. குடல் கிழிவதில்லை, புண்ணாவதில்லை. ஆனாலும் கடுமையான நோயாளி மணிக்கு ஒரு லிட்டர் நீரைக்கூட இழந்துவிடுகிறார். இந்த நுணுக்கங்களைப் பின்னால் வந்தவர்கள் கண்டறிந்தார்கள். வழி திறந்தது டேயின் முயல் சோதனை.

சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே நுழையும் வேறொரு வாயில் இருக்கிறது. நஞ்சு அதைத் தொடுவதில்லை. வெறும் உப்புத் தண்ணீர் நிற்காத வயிற்றில், சர்க்கரை கலந்தால் நிற்பது இதனால்தான். 1971இல் வங்காள எல்லையில் போங்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் இந்தக் கரைசலை வாய்வழியே கொடுக்கச் செய்தார். 30 விழுக்காடு வரை இருந்த மரணம் 4 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது.

டேயின் பெயரை நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் ஒருமுறைக்கு மேல் நோபலுக்குப் பரிந்துரைத்தார். பரிசு வரவில்லை. சொந்த நாட்டிலும் பெரிய விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை. இது நியாயமில்லை என்று இன்று பலருக்கும் தோன்றுகிறது. 1973இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். 1978இல் நோபல் அறக்கட்டளையின் கருத்தரங்கிற்கு அழைக்கப்பட்டு ஸ்வீடன் சென்று வந்தார்.

1985 ஏப்ரல் 15ஆம் தேதி காலமானார். ஐந்து ஆண்டுகள் கழித்து, இந்தியாவின் 'கரண்ட் சயின்ஸ்' இதழ் அவருக்காகச் சிறப்பிதழ் வெளியிட்டது.