அணுக்களின் இடமறிந்தவர்

உங்களுள் பலரைப் போலவே ஜி. என். இராமச்சந்திரனும் தமிழ்நாட்டுக்கு வெளியே ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்த ஊர் எர்ணாகுளம். நாள் 1922 அக்டோபர் 8. தந்தையார் நாராயண ஐயர் கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் கற்ற மகன், மின்பொறியியல் பயிலப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்குச் சென்றார். அங்கே சர் சி. வி. இராமன் அவரைத் தம் இயற்பியல் துறைக்கு இழுத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர், 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானார்.

தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதம் கொலாஜன். அதன் வடிவம் அந்நாளில் விளங்காப் புதிராக இருந்தது. கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்த இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கிக் கிடக்கும் வடிவமே அது என 1954இல் அறிவித்தனர். ஆயினும், அவ்வடிவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று கிரிக், ரிச் என்னும் அறிஞர்கள் குறை கூறினர். மூவிழைக் கருத்து நிலைத்தது, நுட்பங்கள் திருத்தப்பட்டன. குறை கேட்டவர் சினந்து ஒதுங்கவில்லை. அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்னும் வினாவையே கையில் எடுத்தார். என் நோக்கில், கண்டுபிடிப்பினும் பெரியது இச்செயலே.

மீத்தேனில் பிணைப்புக் கோணம் 109.5 பாகை, நீரில் ஏறத்தாழ 104.5 பாகை. இத்தகைய கோணங்கள் எளிதில் மாறுவதில்லை. ஆனால் சில பிணைப்புகளை அச்சாகக் கொண்டு, கீலில் கதவு திரும்புவதுபோல, மூலக்கூறின் பகுதிகள் திரும்பும். புரத இழையில் ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் இவ்வாறு திரும்பும் கோணங்கள் முதன்மையாக இரண்டு.

இராஜீவ் சௌக் நிலையத்தில், நெரிசல் மிக்க மெட்ரோ வண்டியில் நின்றிருக்கிறீர்களா? தோளைச் சற்றுத் திருப்பினாலும் முழங்கை அடுத்தவர்மேல் இடிக்கும். அணுக்களின் நிலையும் அதுவே. தம்முள் பிணைப்பில்லாத இரு கரியணுக்கள் 3.2 ஆங்ஸ்ட்ராம் தொலைவுக்குள் வருதல் பொதுவாக இயலாது. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு. இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் இரு கோணங்களையும் சிறிது சிறிதாகத் திருப்பி, எங்கே அணுக்கள் மோதும், எங்கே மோதா எனக் கணக்கிட்டனர். 1963இல் வெளிவந்த அப்படத்தில், இயலாத இடமே பெரும்பகுதி. இயலும் இடங்கள் சிறு தீவுகள்போல் தெரிந்தன.

பக்கக்கிளையாக ஒற்றை ஹைட்ரஜன் அணுவை மட்டும் உடைய கிளைசின், கூட்டத்தில் நுழையும் சிறுவனைப் போல மற்றவற்றினும் எளிதாகத் திரும்பும். கொலாஜன் இழையில் மூன்றில் ஓரிடம் கிளைசினுக்கு வாய்த்தது அதன் சிற்றளவால்தான். முறுக்கின் நடுவே வேறெதற்கும் இடமில்லை. வளையத்தில் கட்டுண்ட புரோலினோ மிகக் குறைவாகவே திரும்பும்.

இராமச்சந்திரன் 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் மறைந்தார். இன்றும் உலகின் எந்த ஆய்வகத்தில் ஒரு புரதத்தின் வடிவம் வரையப்பட்டாலும், அது சரிதானா என்று இராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்க்கின்றனர்.