பிரெட் நூனன்

பிரெட் நூனன் (ஏப்ரல் 4, 1893 - காணாமற்போனது: சூலை 2, 1937) சிகாகோவில் பிறந்த அமெரிக்க வான்வழிகாட்டுநர் ஆவார். மாலுமியாக இருந்து, பின்னர் பான் அமெரிக்கன் நிறுவனத்தில் இணைந்து, 1935 இல் பசிபிக் வான்தடங்களை அமைப்பதில் பங்காற்றினார்.

1937 இல் அமேலியா ஏர்ஹார்ட்டின் உலகப் பயணத்தில் வழிகாட்டினார். அத்திலாந்திக்கைக் கடந்து டக்கார் செல்லவேண்டிய வானூர்தி ஏறத்தாழ 180 கி.மீ. வடக்கே செயின்ட் லூயிசில் இறங்கியது. தெற்கே திரும்புமாறு நூனன் கூறியும் வடக்கே திரும்பியது தாமே என ஏர்ஹார்ட் எழுதியுள்ளார். எதிரே நீண்ட கரை இருந்தமையால் அப்பிழை ஆபத்தாகவில்லை. சூன் 17 இல் இருவரும் கராச்சியிலிருந்து கொல்கத்தா வந்தனர்.

நியூ கினியின் லே நகரிலிருந்து 4,100 கி.மீ.க்கும் அப்பாலுள்ள ஹவுலாந்துத் தீவோ ஏறத்தாழ 2.5 கி.மீ. நீளமே உடையது. வானூர்தியின் குரல் இட்டாசுக்கா கப்பலுக்கு உரக்கக் கேட்டது. கப்பலின் குரல் வானூர்திக்கு எட்டவில்லை. 157-337 பாகைக் கோட்டில் வடக்கும் தெற்குமாகப் பறப்பதாகக் கடைசிச் செய்தி வந்தது. காலைச் சூரியனை அளந்தால் ஒரு கோடு மட்டுமே கிடைக்கும். அதில் எவ்விடம் என்பது தெரியாது. வானூர்தி இதுவரை கண்டெடுக்கப்படவில்லை.