காகிதம் மடித்துக் கணிதம் சொன்ன சுந்தர ராவ்

காம்பஸ் இல்லை. அடிக்கோலும் இல்லை. கையில் இருப்பது ஒரு துண்டுக் காகிதம்தான். இதைக் கொண்டு வடிவக் கணிதம் படிக்க முடியுமா?

முடியும் என்று காட்டியவர் தண்டலம் சுந்தர ராவ்.

அவர் பிறந்தது 1853-ம் ஆண்டு. பி.ஏ. பட்டம் பெற்றவர். சென்னை ராஜதானியில் ரெவின்யூ இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். டிப்டி கலெக்டர் பதவியும் வகித்தார். பகலெல்லாம் நிலவரிக் கணக்கு. ஆனால், அவர் மனம் நாடியதோ கணிதத்தை!

குழந்தை விளையாட்டு

ஜெர்மனி நாட்டுப் பிரோபெல், குழந்தைகளுக்கு விளையாட்டு மூலம் கல்வி புகட்டியவர். அவருடைய முறையில் வந்த விளையாட்டுப் பொருள்களில் ஒன்று, 200 வண்ணக் காகிதச் சதுரங்கள் கொண்ட கட்டு.

மற்றவர்களுக்கு அது குழந்தை விளையாட்டு. சுந்தர ராவோ அதில் கணிதத்தைக் கண்டார்.

தாளை மடித்தால் விழும் மடிப்பு ஒரு நேர்கோடு. அந்த மடிப்பு தன் மேலேயே படியும்படி மறுபடி மடித்தால் செங்கோணம். மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கை செய்கிறது, கண் பார்க்கிறது, மனம் ஒப்புக்கொள்கிறது.

இப்படியே ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் எல்லாவற்றையும் மடித்துக் காட்டி, ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 1893-ல் அது சென்னையில் வெளிவந்தது.

கடல் கடந்த புகழ்

ஜெர்மனியின் பெரிய கணித மேதை பெலிக்ஸ் கிளைன், தம் நூலில் அதைக் குறிப்பிட்டார். அதன் மூலம் அமெரிக்கப் பேராசிரியர்கள் பீமன், ஸ்மித் இருவருக்கும் அந்த நூல் தெரியவந்தது. அவர்கள் 1901-ல் அதைச் சிகாகோவில் பதிப்பித்தார்கள். 1966-ல் நியூயார்க்கிலும் அது மறுபதிப்பாயிற்று.

கனமூலத்தைக் காகித மடிப்பால் காண முடியாது என்று சுந்தர ராவ் எண்ணினார். அதுவும் முடியும் என்று 1936-ல் இத்தாலியப் பெண்மணி பெலோக் காட்டினார். அவர் நம்பிய காகிதம், அவர் நினைத்ததைவிட வல்லமை உடையதாக இருந்தது!

நீங்களும் செய்யலாம்

ஒரு சதுரத் தாளை இடமும் வலமும் பொருந்த மடித்துப் பிரியுங்கள். நடுவில் மடிப்பு விழும். கீழ் இடது மூலை அசையாமல் இருக்கட்டும். கீழ் வலது மூலையைத் தூக்கி நடு மடிப்பின் மேல் வையுங்கள். அது தொடும் இடத்தில் புள்ளி இடுங்கள். தாளைப் பிரித்து, அந்தப் புள்ளியையும் கீழ் மூலைகள் இரண்டையும் சேருங்கள். மூன்று பக்கமும் சமமான முக்கோணம் வந்துவிட்டது!

அதை வெட்டி எடுங்கள். ஒவ்வொரு மூலையையும் எதிர்ப்பக்கத்தின் நடுவில் படும்படி மடித்துப் பிரியுங்கள். நாலு சிறு முக்கோணங்கள் தெரியும். மூன்று மூலைகளையும் மேலே தூக்கி ஒன்று சேர்த்தால், நாலு முகம் கொண்ட நான்முகி எழுந்து நிற்கும்.

இதற்குக் காசு செலவில்லை. திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்துப் பிள்ளையானாலும் சரி, சுற்று வட்டாரக் கிராமத்துப் பிள்ளையானாலும் சரி, படித்து முடித்த பழைய பத்திரிகைத் தாளே போதும். கணக்கு என்றால் பயந்து ஓடும் குழந்தை உங்கள் வீட்டில் உண்டா? இன்றே ஒரு தாளை எடுத்துக் கொடுங்கள்.